நியூரோ டாக்டரின் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் எனக்கு வேலை. புத்தகம் தேடி வருகிறவர்களை விட எண் தேடி வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். "சார், என் எச்-இன்டெக்ஸ் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று வரும் உதவிப் பேராசிரியர், தீசிஸுக்கு கைடு தேடும் பி.ஜி. மாணவி, அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்த அன்றே டாக்டரின் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிற மகன். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். எச்-இன்டெக்ஸ் என்பது ஒருவர் எழுதிய ஆய்வுக்கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லப் பார்ப்பது. உதாரணங்கள் எல்லாம் நரம்பியலிலிருந்து. எங்கள் நூலகத்தில் அந்தத் துறைக்காரர்கள்தான் அதிகம் நச்சரிப்பார்கள்.

மேற்கோள் எண்ணிக்கை என்றால் என்ன? அதை யார் எண்ணுகிறார்கள்?

ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்த பிறகு, அதற்குப் பின் எழுதப்படும் கட்டுரைகள் அதைத் தங்கள் பட்டியலில் குறிப்பிட்டால், ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று. அவ்வளவுதான். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்று, "இவர் சொன்னது தவறு" என்று குறிப்பிட்டாலும் ஒன்று. எண்ணும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு வழி வகுத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955-இல் யோசனையாக எழுதினார், 1964-இல் அச்சுத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எந்தக் கட்டுரை எதிலிருந்து கிளைத்தது என்று தேட ஒரு கருவி வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் நோக்கம். ஆளை எடை போடும் தராசாக அது மாறியது பின்னால் நடந்த கதை.

எச்-இன்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. குறைந்தது 6 மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் 6 இருந்தால் எண் 6, குறைந்தது 7 வாங்கியவை 7 இருந்தால் 7. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடம்.

ஒருவர் ஒன்பது கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதுங்கள்: 310, 88, 41, 22, 9, 7, 6, 2, 0. இப்போது பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள். ஆறைவிடக் குறையவில்லை, சரி. ஏழாவதுக்கு 6 மேற்கோள். ஏழுக்குக் குறைந்துவிட்டது, நில். இவருடைய எச்-இன்டெக்ஸ் 6.

அந்த 310 வாங்கிய கட்டுரை நாளைக்கே 3,100 வாங்கினாலும் எச்-இன்டெக்ஸ் அதே 6-தான். ஆனால் ஏழாவது கட்டுரைக்கு இன்னும் ஒரே ஒரு மேற்கோள் வந்துவிட்டால் 7. ஒரு பெரிய வேலை செய்தவரை விட, நடுத்தரமாக நிறைய எழுதியவருக்குச் சாதகமான கணக்கு இது. இன்னொரு குணம்: இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தாலும் ஏறும்.

கூகுள் ஸ்காலரில் 31 காட்டுகிறது, ஸ்கோபஸில் 22. எது சரி?

இரண்டும் சரி. இவை கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கும் இணையத் தளங்கள். கூகுள் ஸ்காலர் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும்: தீசிஸ், புத்தகம், இன்னும் எந்த ஜர்னலிலும் ஏறாத முன்பிரதி. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் எண்ணும், அதனால் எண் குறையும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளம் இலவசமாகக் கட்டுரை தேடித் தரும், எச்-இன்டெக்ஸ் தராது. விண்ணப்பத்தில் எழுதும்போது எந்தத் தளம், எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே தளத்து எண்ணை எடுங்கள். இதைச் செய்யாமல் சண்டை போட்டவர்களை என் மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

என் பட்டியலில் யாரோ ஒருவருடைய சிறுநீரகக் கட்டுரை இருக்கிறது. என்னுடைய பக்கவாதக் கட்டுரையைக் காணோம். ஏன்?

நம் பெயர்தான் காரணம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். இந்தத் தளங்களோ எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை.

செல்வத்தின் மகன் முருகன் என்று ஒரு டாக்டர். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எழுதிய முதல் கட்டுரையில் எஸ். முருகன். டி.எம். என்ற சிறப்பு மேற்படிப்பில் சேர்ந்து வெளிநாட்டு மாநாட்டுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது முருகன் செல்வம். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, பப்மெட் அவரை "செல்வம் எம்" ஆக்கிவிட்டது. அப்பா ஒரு வரி ஆராய்ச்சி எழுதாமலே நரம்பியல் நிபுணர் ஆகிவிட்டார். பையனின் பட்டியல் இரண்டாக உடைந்து, எச்-இன்டெக்ஸும் பாதியாகிவிட்டது. இதற்கிடையில் வேறு துறையில் உள்ள இன்னொரு எஸ். முருகனின் கட்டுரைகள் இவர் கணக்கில் ஏறிவிட்டன. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண் மருத்துவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னொரு மடங்கு.

செய்ய வேண்டியது நான்கு. முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை ஒரே மாதிரி எழுத முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் இருங்கள். இந்தக் கட்டுரை உங்களுடையதுதான் என்று காட்டும் ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை இலவசமாக வாங்கி ஒவ்வொரு கட்டுரையோடும் கொடுங்கள். 2012 முதல் கிடைக்கிறது. கூகுள் ஸ்காலரில் "தானாகச் சேர்" என்ற வசதியை அணைத்துவிடுங்கள். ஸ்கோபஸில் இரண்டாக உடைந்த கணக்கைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேட்டால் சேர்த்துத் தருவார்கள்.

நரம்பியலில் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது?

எத்தனை வருடமாக எழுதுகிறார், எந்தப் பிரிவு என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. அல்சைமர் பற்றி எழுதுகிறவருக்கு உலகம் முழுக்க அதே தலைப்பில் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள், மேற்கோள் கொட்டும். அரிய தசைநோய் ஒன்றை எடுத்துக்கொண்டவருக்கு மொத்தமே ஐம்பது பேர்தான் வாசகர்கள். 35 வயதுக்காரரையும் 65 வயதுக்காரரையும் ஒரே தட்டில் வைப்பதும் அப்படித்தான்.

எந்த மாதிரிக் கட்டுரைக்கு மேற்கோள் குவிகிறது? பெரிய கண்டுபிடிப்புகளுக்கா?

பெரும்பாலும் கருவிகளுக்கு. 1975-இல் மார்ஷல் ஃபோல்ஸ்டைன், சூசன் ஃபோல்ஸ்டைன், பால் மெக்ஹியூ மூவரும் பத்துப் பக்கத்தில் ஒரு சின்னப் பரிசோதனையை வெளியிட்டார்கள். இன்று என்ன தேதி, எந்த ஊர். மூன்று பொருளின் பெயரைத் திரும்பச் சொல். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரை. மொத்தம் 30 மதிப்பெண். மறதி நோய்க்காக நியூரோ ஓ.பி.யில் பெரியவர்களைக் கூட்டிப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்த எம்.எம்.எஸ்.ஈ.தான். 2014-இல் நேச்சர் இதழ் எல்லா அறிவியல் துறைகளுக்கும் சேர்த்து அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது அதில் இதுவும் இருந்தது.

இந்தக் கட்டுரை நோய்க்குக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை, மருந்தும் சொல்லவில்லை. மறதி பற்றி யார் ஆய்வு செய்தாலும் "நோயாளிகளின் எம்.எம்.எஸ்.ஈ. மதிப்பெண் இவ்வளவு" என்று ஒரு வரி எழுத வேண்டும், எழுதினால் மேற்கோள் கொடுக்க வேண்டும். அப்படிக் குவிந்தது. பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் "ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்று கேட்டு மதிப்பெண் குறைத்தால் என்ன நியாயம் என்று கேட்டு, 1990-களில் வட இந்தியக் கிராமத்து முதியவர்களுக்காக இந்தியில் அதை மாற்றி அமைத்தார்கள். அதற்கு மூலத்தின் மேற்கோளில் ஒரு துளிதான் கிடைத்தது. உழைப்பு ஒன்றும் குறைவில்லை.

ஜான் கர்ட்ஸ்கியும் அப்படித்தான். நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிக்கு உடல் முடக்கம் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலை 1983-இல் தனி ஆளாக எழுதினார். அந்த நோய்க்கு மருந்துச் சோதனை செய்கிறவர்கள் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். அளவுகோலில் குறை இருக்கிறது, நடையையே அதிகம் பார்க்கிறது, கையையும் ஞாபகத்தையும் விட்டுவிடுகிறது என்று திட்டி எழுதிய கட்டுரைகளும் நிறைய. திட்டினாலும் மேற்கோள்தான்.

கருவிக்கு அடுத்து, நோயைக் கண்டறியும் விதிகள். அதற்கடுத்து, மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் திரட்டிச் சொல்லும் தொகுப்புக் கட்டுரைகள். ஒருவரின் முதல் பத்துக் கட்டுரைகளில் எட்டு தொகுப்புக் கட்டுரையாக இருந்தால், அவர் நன்றாகப் படித்து நன்றாக எழுதத் தெரிந்தவர் என்று புரியும். புதிதாக என்ன செய்தார் என்பது தெரியாது.

அப்படியானால் ஜேம்ஸ் பார்க்கின்சனின் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?

ஒரு மாணவி சிரித்துக்கொண்டே கேட்டது. நல்ல கேள்வி. 1817-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஆறே ஆறு நோயாளிகள். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி, பரிசோதிக்கவே இல்லை. நடுக்கவாதம், அதாவது இன்றைய பார்க்கின்சன் நோய் பற்றி அவர் எழுதியது அந்த ஒன்றுதான். எச்-இன்டெக்ஸ் கணக்குப்படி, ஒரு நூல் எத்தனை ஆயிரம் மேற்கோள் வாங்கினாலும் 1.

அதைவிட முக்கியம், இன்று அந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் 1817-ஐ மேற்கோள் காட்டுவதில்லை. காட்ட வேண்டியதில்லை, பெயரிலேயே அவர் இருக்கிறார். ஒரு வேலை எல்லாருக்கும் பொதுச்சொத்து ஆனதும் மேற்கோள் நின்றுபோகிறது. திருக்குறளைச் சொல்லும்போது எந்தப் பதிப்பகம் என்று யாராவது சொல்கிறோமா?

நம் ஊர் நோய்களைப் பற்றி எழுதினால் மேற்கோள் வருவதில்லையே?

வராதுதான். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் ‘நியூராலஜி இந்தியா’ இதழின் இணைப்பில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார்கள். தசைகளை இயக்கும் நரம்பு உயிரணுக்கள் அழியும் மோட்டார் நியூரான் நோய் பொதுவாக நடுவயதுக்கு மேல் வரும், சில ஆண்டுகளில் ஆளைக் கொண்டுபோய்விடும். சென்னையில் இவர்கள் பார்த்தவர்களோ இளவயதினர். கைகால் மெலிந்தது, முகமும் விழுங்கும் தசைகளும் பலமிழந்தன, கூடவே காது கேட்காமல் போனது. ஆனால் நோய் மெதுவாகத்தான் நகர்ந்தது, பலர் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். உலகப் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வடிவம். இன்று அதன் பெயரே மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1988-இல் பெங்களூரிலிருந்து கௌரி தேவியும் சுரேஷும் தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி எழுதியபோதும் அந்தப் பெயரையே தலைப்பில் வைத்தார்கள்.

அந்த நோய் பெரும்பாலும் தென்னிந்தியாவில்தான் காணப்படுகிறது. ஆகவே அதைப் பற்றி எழுதுகிறவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள், மேற்கோளும் அதற்கேற்ற மாதிரிதான். அது வந்த இதழும் இங்கே பிறந்தது: இந்திய நரம்பியல் சங்கம் 1951-இல் சென்னையில் தொடங்கி, இரண்டு ஆண்டில் இதழ் நடத்த ஆரம்பித்தது. அந்தக் காலத்து இதழ்களைப் பின்னால் வந்த கணினித் தளங்கள் முழுக்க ஏற்றிக்கொள்ளவில்லை. ஒரு நோயையே அடையாளம் கண்ட நான்கு பக்கம், மேற்கோள் கணக்கில் ஒரு சுமாரான தொகுப்புக் கட்டுரையிடம் தோற்றுப்போகும். தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் இதை ஒரு முறை யோசித்தால் போதும்.

பத்துப் பேர் எழுதிய கட்டுரையில் நான் ஆறாவது. எனக்கு எவ்வளவு பங்கு?

எண்ணும் தளங்கள் பத்துப் பேருக்கும் முழு மேற்கோளையும் கொடுத்துவிடும். படிக்கிறவர்கள் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். மருத்துவத்தில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் பொறுப்பாளர் என்று பழக்கம். நடுவில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று பல ஜர்னல்கள் இப்போது கட்டுரையின் முடிவில் எழுதச் சொல்கின்றன. அந்தப் பத்தியைப் படியுங்கள். "நோயாளிகளைச் சேர்த்தார்" என்பதும் "பகுப்பாய்வு செய்தார்" என்பதும் ஒன்றல்ல.

கடைசி ஆள் எப்போதும் பிழைத்துவிடுவார் என்றும் சொல்ல முடியாது. 1916-இல் பிரெஞ்சு ராணுவத்தில் இரண்டு வீரர்களுக்கு வந்த திடீர் முடக்கத்தை விவரித்தவர்கள் மூன்று பேர்: கில்லன், பாரே, ஸ்ட்ரோல். நாம் சொல்வது கில்லன்-பாரே மட்டும். தசைகளின் மறிவினைகளை (ரிஃப்ளெக்ஸ்) கருவி வைத்துப் பதிவு செய்த ஸ்ட்ரோல் பெயரிலிருந்து விழுந்துவிட்டார்.

இதற்கு நேர்மாறும் உண்டு. பக்கவாதம் வந்த மூன்று மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாம் என்று காட்டிய 1995 அமெரிக்க ஆய்வு, 624 நோயாளிகள், நரம்பியல் சிகிச்சையையே மாற்றியது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தனி ஆள் பெயரே இல்லை, ஆய்வுக் குழுவின் பெயர்தான்.

மேற்கோள் அதிகம் என்றால் கட்டுரை சரியானது என்று அர்த்தமா?

இல்லை. 2006-இல் நேச்சர் இதழில் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதத்தின் குறிப்பிட்ட ஒரு வடிவம்தான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது. முதல் ஆசிரியர் சில்வான் லெஸ்னே, பொறுப்பாளர் கேரன் ஆஷ். சுமார் 2,500 மேற்கோள் வாங்கியது. 2022-இல் அதன் படங்கள் வெட்டி ஒட்டியவை போல் இருக்கின்றன என்று மாத்யூ ஷ்ராக் என்ற நரம்பியல் மருத்துவர் எழுப்பிய கேள்விகளை சயன்ஸ் இதழ் வெளியிட்டது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. லெஸ்னே மட்டும் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருடம். அந்த 2,500 மேற்கோள்கள் இன்னமும் எண்ணிக்கையில் இருக்கின்றன. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் பப்மெட்டில் அதன் பக்கத்தைத் திறந்து, திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள ஜர்னலில் வந்தால் போதாதா?

அது ஜர்னலின் சராசரி, உங்கள் கட்டுரையின் மதிப்பெண் இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. நாலைந்து கட்டுரை வாரிக் குவிக்கும், மீதி அதன் நிழலில் நிற்கும். வகுப்பில் ஒருவன் நூற்றுக்கு நூறு வாங்கினால் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவனுக்கு என்ன?

"மூன்று நாளில் வெளியிடுகிறோம், மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே" என்று மெயில் வருகிறது. அனுப்பலாமா?

வேண்டாம். நரம்பியல் மருத்துவருக்குப் பல் மருத்துவ ஜர்னலிலிருந்தும் அதே மெயில் வந்திருக்கும், பாருங்கள். கட்டணம் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. யாரும் காசில்லாமல் படிக்கும்படி வரும் (திறந்த அணுக்க) நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. மூன்று நாளில் யார் படித்துத் திருத்தினார்கள் என்பதுதான் கேள்வி. பதவி உயர்வு அவசரத்தில் இப்படிப் பணம் கட்டி மாட்டியவர் ஒருவர், பிறகு அந்த இதழ் இன்டெக்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் என்னிடம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அதே கட்டுரையை வேறு இதழுக்கும் அனுப்ப முடியாது. அவருடைய இரண்டு வருட நோயாளித் தரவு அது.

சொந்தக் கட்டுரையையே மேற்கோள் காட்டலாமா?

காட்டலாம், தொடர்ச்சியான வேலை என்றால் காட்டித்தான் ஆக வேண்டும். ஸ்கோபஸில் அதைக் கழித்துவிட்டுப் பார்க்க ஒரு வசதி உண்டு. கழித்ததும் எண் பாதியாகச் சரிந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். எச்-இன்டெக்ஸ் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாமா?

தம்பி, அதற்கு இது உதவாது. அப்பாவின் மருந்து வேளையை அரைமணி முன்னே பின்னே நகர்த்திப் பார்த்து, ராத்திரி கால் இழுக்கிறதா என்று கேட்கிற பொறுமை எந்தத் தளத்திலும் ஏறாது. நிறைய நோயாளிகளைப் பார்த்து ஒரு கட்டுரையும் எழுதாத அருமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஓர் இடத்தில் பட்டியல் உதவும்: மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை, அரிய மரபணு நோய் என்று ஏதாவது வந்தால், அந்தத் தலைப்பில் அந்த மருத்துவமனையிலிருந்து கட்டுரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். மேற்கோள் எத்தனை என்று பார்க்க வேண்டாம். எத்தனை நோயாளிகளுக்குச் செய்தார்கள், பின்விளைவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கைடு தேடுகிறேன். ஒருவரின் பட்டியலைப் பத்து நிமிடத்தில் எப்படிப் பார்ப்பது?

எச்-இன்டெக்ஸ் பெட்டியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நான் உண்மையிலேயே ஒரு ஸ்டிக்கர் தாளைத் திரையில் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். முதலில் பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். கடைசி மூன்று வருடத்தில் என்ன எழுதியிருக்கிறார்? பிறகு அவர் கடைசிப் பெயராக நிற்கும் கட்டுரைகளை மட்டும் எடுத்து, முதல் பெயர் யார் என்று பாருங்கள். மாணவர்களின் பெயர் மாறி மாறி வந்தால் நல்ல வீடு. எல்லாவற்றிலும் முதல் பெயரும் அவரே என்றால், உங்கள் தீசிஸ் யார் பெயரில் வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். கடைசியாக, அந்த முதல் பெயர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து ஒரு போன் போடுங்கள். "சார் கையெழுத்துப் போட எத்தனை நாள் ஆக்குவார்?" என்று கேளுங்கள்.